படக்குறிப்பை வெட்டாதீர்கள்

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

கொஞ்ச நாளாக நம் குழுக்களில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் படங்கள் நிறைய வருகின்றன. பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று, அதன் மூக்குக்குக் கீழே ஏழெட்டுப் பையன்கள், தோல் சட்டை, தோளில் கை. எல்லாம் வண்ணத்தில். முகங்கள் நேற்று எடுத்த கல்யாண ஆல்பம் போலப் பளபளக்கின்றன. கீழே 'மாவீரர்கள்' என்று ஒரு சொல், நாலு நெருப்புப் படம், பின்னணியில் ஒரு பாட்டு. எந்த நாடு, எந்த வருடம், நிற்பவர்கள் யார், அந்த விமானம் எங்கே போயிற்று, திரும்பி வந்ததா? ஒன்றும் கிடையாது.

படம் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானே இவற்றை மணிக்கணக்கில் பார்ப்பவன். ஆனால் படத்தின் அடியில் இருந்த குறிப்பை வெட்டிவிட்டுப் போடுவதும், இல்லாத வண்ணத்தைப் பூசுவதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அந்தப் பையன்களைச் சிரிக்க வைப்பதும் சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் படங்களில் பெரும்பாலானவை சும்மா பொழுதுபோக்குக்கு எடுத்தவை அல்ல. அரசாங்கமும் விமானப் படையும் ஆள் வைத்து எடுத்தவை. ஊரில் இருப்பவர்கள் பத்திரிகையில் பார்த்துத் தெம்பாக இருக்க வேண்டும், போர்க் கடன் பத்திரம் வாங்க வேண்டும், இன்னும் நாலு பையன்கள் படையில் சேர வேண்டும். வெளியிடுவதற்கு முன் தணிக்கை அதிகாரி பார்ப்பார். விமானத்தின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் படைப்பிரிவு எழுத்துகள், ரேடார் கம்பிகள் இவற்றையெல்லாம் பல படங்களில் அழித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆக, நம் கைக்கு வரும்போதே அது ஒரு தடவை கை வைக்கப்பட்ட படம். அதில் நாமும் கை வைத்தால் மிச்சம் என்ன?

'மெம்பிஸ் பெல்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பி-17 ரகக் குண்டுவீச்சு விமானம். 1943-ல் இங்கிலாந்திலிருந்து பறந்து 25 தாக்குதல்களை முடித்துவிட்டு, குழுவினர் பத்துப் பேரும் உயிரோடு அமெரிக்கா திரும்பினார்கள். விமானத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வில்லியம் வைலர் எடுத்த ஆவணப்படம் 1944-ல் வந்தது. அந்த பத்துப் பேர் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தின் கீழே, "முதன்முதலில் 25 தாக்குதல் முடித்த விமானம்" என்று இன்றைக்கும் போடுகிறார்கள். அது சரியல்ல. 'ஹாட் ஸ்டஃப்' என்ற பி-24 விமானத்தின் குழு சில மாதங்களுக்கு முன்பே 25-ஐத் தாண்டிவிட்டது. 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற இன்னொரு பி-17 விமானமும் சில நாட்கள் முந்திவிட்டது. பிறகு ஏன் மெம்பிஸ் பெல் மட்டும் புகழ் பெற்றது? ஹாட் ஸ்டஃப் அமெரிக்காவுக்குத் திரும்பும் வழியில், 1943 மே 3 அன்று, ஐஸ்லாந்தில் மலையில் மோதியது. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஃபிராங்க் ஆண்ட்ரூஸ் உட்பட 14 பேர் இறந்தார்கள். வால்பகுதியில் இருந்த துப்பாக்கி வீரர் ஒருவர் மட்டும் பிழைத்தார். இறந்தவர்களை ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்ட முடியாது அல்லவா?

அந்த ஆவணப்படம் எடுக்கப் போனவர்களில் ஹரோல்ட் டானன்பாம் என்பவரும் தாக்குதலுக்குப் போன விமானம் விழுந்து இறந்தார். அவரை எந்தப் படத்திலும் யாரும் தேடுவதில்லை. (விமானத்தின் மூக்கில் வரைந்திருக்கும் பெண் படத்தைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் தெரியும். விமானி மோர்கனின் காதலி மார்கரெட் போல்க்கின் நினைவாக வைத்த பெயர் அது. அவர்கள் இருவருக்கும் கடைசியில் கல்யாணம் நடக்கவில்லை என்பது வேறு கதை.)

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். அங்கே வரலாற்று மன்றத்துக்காக இருபது போர் விமானப் படங்களைப் பெரிதாக அச்சடித்து மாட்டப் போகிறார். எல்லாவற்றையும் வண்ணமாக்கி, குறிப்பை எடுத்துவிட்டு, "எப்படி இருக்கிறது சார்?" என்று எனக்கு அனுப்பினார். நான் என் கருத்தைச் சொன்னேன். அதற்கு அவர், "சார், கறுப்பு வெள்ளையில் மாட்டினால் பிள்ளைகள் நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள். வண்ணத்தில் பார்த்தால்தான் இவர்களும் நம்மைப் போல மனிதர்கள் என்று அவர்களுக்குத் தோன்றும்" என்றார். நியாயமான பேச்சு. ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

வண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி. அந்தக் காலத்தில் பயன்பட்ட ஃபிலிம்களில் ஒரு வகை சிவப்பை உணராது. சிவப்பும் மஞ்சளும் அதில் கருமையாக விழும், நீலம் வெளுத்துப் போகும். பிரிட்டிஷ் விமானத்தின் பக்கவாட்டில் வட்டச் சின்னம் இருக்கும் பார், அதன் வெளி வளையம் பளிச்சென்ற மஞ்சள். இந்த ஃபிலிமில் எடுத்த படத்தில் அது இருட்டாகத் தெரியும். வேறு வகை ஃபிலிமில் எடுத்தால் அதே வளையம் வெளிராகத் தெரியும். விமானச் சின்னங்களை ஆராய்பவர்களே எந்த ஃபிலிம் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டுதான் பேசுவார்கள். உன் கைபேசிச் செயலிக்கு அந்தக் கவலை உண்டா? சாம்பல் நிறத்தைப் பார்த்து ஒரு நிறத்தை யூகிக்கிறது, அவ்வளவுதான்.

1940-ல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் இங்கிலாந்துக்குப் போய் அங்கே விமானப் படையில் பறந்தார்கள். அவர்களில் மொஹிந்தர் சிங் புஜ்ஜி என்பவர் தலைப்பாகையோடுதான் பறப்பேன் என்று நின்றவர், பறந்தும் காட்டியவர். அவர் படத்தைச் செயலிக்குக் கொடுத்தால் தலைப்பாகைக்கு ஒரு நிறத்தை அது கொடுத்துவிடும். அந்த நிறத்தை யார் பார்த்தது? நாளைக்கு உன் பள்ளிப் பிள்ளை ஒருவன் அதே நிறத்தில் அவரை வரைவான். பத்து வருடத்தில் அதுவே வரலாறு ஆகிவிடும்.

நிறமாவது போகட்டும். இந்தச் செயலிகள் மங்கலாக இருக்கும் முகத்தைத் 'தெளிவாக்குகின்றன'. தெளிவாக்குவது என்றால் என்ன? தெரியாத இடத்தில் தனக்குத் தெரிந்த வேறு ஆயிரம் முகங்களின் சாயலை எடுத்து ஒட்டுகிறது. அந்தப் பையனின் அம்மா பார்த்தால் "இது என் பிள்ளை இல்லையே" என்பாள். விமானத்தின் வால்பக்கம் எழுதிய வரிசை எண்ணையும் அது இப்படியே 'தெளிவாக்கி' வேறு ஏதோ கிறுக்கலாக மாற்றிவிடுகிறது. உனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஏனென்றால் அந்த எண்தான் சாவி. லண்டன் ஹென்டனில் இருக்கும் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு லங்காஸ்டர் விமானம் நிற்கிறது. ஆர் 5868 என்பது அதன் எண். போரில் 137 தடவை குண்டு போடப் போய் வந்ததாகக் கணக்கு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, எந்த இரவு எந்த ஊருக்குப் போனது, அன்று ஓட்டியது யார், துப்பாக்கியில் இருந்தது யார் என்று பதிவேடுகளில் தேடிப் பார்க்கலாம். விமானம் ஒன்றுதான், அதில் ஏறி இறங்கிய குழுக்கள் பல. படத்தில் விமானத்தின் முன்னால் நிற்கும் ஏழு பேர் யார் என்று கண்டுபிடிக்க எண்ணும் தேதியும் வேண்டும். இரண்டையும் அழித்துவிட்டால் அந்த ஏழு பேரும் வெறும் ஆட்கள்.

லங்காஸ்டரில் ஏழு பேர் என்றேன். விமானி, என்ஜினைக் கவனிப்பவர், வழி கணிப்பவர், குண்டு போடுபவர், வயர்லெஸ்காரர், முதுகுப் பக்கத் துப்பாக்கிக்காரர், வால்பக்கத் துப்பாக்கிக்காரர். எல்லாரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573 பேர். நான் பாடம் எடுத்த 45 பேர் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 பேர் இல்லை. காயம்பட்டவர்களும் சிறைப்பட்டவர்களும் இந்த இருபதில் சேரவில்லை. இந்தக் கணக்கு தெரிந்த பிறகு அந்த ஏழு பேர் படத்தைப் பாருங்கள். வண்ணமே வேண்டாம், கண் தானாக முகத்தில் போய் நிற்கும். யார் அந்த மூன்று பேர் என்றுதான் தேடத் தோன்றும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இந்தப் படங்களுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று என் மருமகன் கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போர் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அதற்கு நன்றியாகப் பிரிட்டிஷ் விமானப் படையின் சில ஸ்குவாட்ரன்களுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்று பெயரே வைத்தார்கள். 264-ஆம் ஸ்குவாட்ரன் அதில் ஒன்று, 79-ஆம் ஸ்குவாட்ரன் இன்னொன்று. நம் பக்கத்து ஜமீன்தார் முதல் சாதாரண வரிகட்டி வரை யார் யார் மடியிலிருந்தோ அவிழ்ந்த காசு, கண்காணாத ஊரில் விமானமாகப் பறந்திருக்கிறது. கொடுத்தவர்களை நிறுத்தி வைத்து யாரும் படம் எடுக்கவில்லை.

அந்த 264-ஆம் ஸ்குவாட்ரன் ஓட்டியது 'டிபயன்ட்' என்ற விமானம். ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் எல்லாம் உங்களுக்குத் தெரியும், டிபயன்ட் தெரிந்திருக்காது. விசித்திரமான வடிவமைப்பு. சண்டை விமானம், ஆனால் விமானிக்கு முன்னால் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. அவர் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்று, அதில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், அவற்றின் நடுவே ஒரு ஆள். விமானி ஓட்ட வேண்டும், பின்னால் இருப்பவர் சுட வேண்டும். ஒருவர் கண்ணில் படுவது இன்னொருவர் கண்ணில் படாது. பேச்சிலேயே சண்டை நடத்த வேண்டும். கூண்டுக்குள் இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். விமானம் அடிபட்டால் விமானி மூடியைத் தள்ளிவிட்டுக் குதிக்கலாம். கூண்டுக்காரர், கூண்டைச் சரியான பக்கம் திருப்பினால்தான் கதவு வழியாக வெளியே வர முடியும். மின்சாரம் போய்க் கூண்டு சிக்கிக்கொண்டால் குதிப்பது பெரும்பாடு.

1940 மே 29 அன்று டன்கர்க் கடற்கரைக்கு மேலே இவர்கள் ஒரே நாளில் 37 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குச் சொன்னார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. ஜெர்மன் பதிவுகளோடு பின்னாளில் ஒப்பிட்டவர்கள் உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு என்றார்கள். ஒரே விமானத்தை நாலு கூண்டுக்காரர்கள் சுட்டால் நாலு பேரும் தன் கணக்கில்தான் எழுதுவார்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஜெர்மானியர்களும் சும்மா இருக்கவில்லை. இது பின்னால் சுடும் விமானம், முன்னாலிருந்தும் வயிற்றுக்குக் கீழேயிருந்தும் வந்தால் பயமில்லை என்று சீக்கிரமே கண்டுகொண்டார்கள்.

1940 ஆகஸ்டில் கிர்டன்-இன்-லிண்ட்சே தளத்திலிருந்து இந்த ஸ்குவாட்ரன் வானில் வரிசையாகப் பறக்கும் படங்கள் எடுத்தார்கள். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அழகான படம், மறுக்க மாட்டேன். மேகத்துக்கு மேலே சாய்ந்த வரிசையில் விமானங்கள், பக்கவாட்டில் பி.எஸ். என்ற எழுத்துகள், ஒவ்வொன்றின் முதுகிலும் கண்ணாடிக் கூண்டு. அந்த ஸ்குவாட்ரனின் தலைவர் ஃபிலிப் ஹன்டர். அவர் விமானத்தின் கூண்டில் இருந்தவர் ஃபிரெட் கிங். ஆகஸ்ட் 24 அன்று எதிரி விமானத்தைத் துரத்திக்கொண்டு போன அவர்கள் இருவரும் திரும்பவே இல்லை. 28-ஆம் தேதிக்குப் பிறகு டிபயன்ட் விமானங்களைப் பகல் சண்டையிலிருந்தே விலக்கிவிட்டு, இரவுச் சண்டைக்கு மாற்றினார்கள். படம் எடுத்த அதே மாதத்துக்குள் அத்தனையும் முடிந்துவிட்டது.

நம் குழுவில் போன வாரம் வந்தது இந்த வரிசையின் படம்தான். வண்ணம் பூசி, 'வானத்துச் சிங்கங்கள்' என்ற தலைப்போடு. பி.எஸ். என்ற எழுத்து வேறு ஏதோவாக மாறியிருந்தது. கூண்டுக்குள் இருந்த ஆளைச் செயலி கண்ணாடியோடு கண்ணாடியாகக் கரைத்துவிட்டது. ஹன்டர் விமானத்தை 'ஹன்டரின் விமானம்' என்றுதான் புத்தகக்காரர்களும் எழுதுகிறார்கள், கிங் பெயர் அடுத்த வரிக்குப் போய்விடும். இப்போது படத்திலிருந்தும் ஆளையே எடுத்தாயிற்று. அவர் உட்கார்ந்திருந்தது மெட்ராஸ் பெயர் தாங்கிய ஸ்குவாட்ரனில் என்பதால் மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அதுவும் ஒரு காரணம்தான்.

அடுத்து, எதிரிப் பக்கம். இதைத் தவிர்க்கக் கூடாது. ஐந்து ஜப்பானியப் பையன்கள், நடுவில் ஒருவன் கையில் நாய்க்குட்டி. அந்தப் படம் 1945 மே 26 அன்று, பான்செய் என்ற தளத்தில் எடுத்தது. நாய்க்குட்டி வைத்திருப்பவன் பெயர் யுகியோ அராக்கி. மறுநாள் ஓகினாவாவுக்குப் பக்கத்தில் இருந்த கப்பல்கள் மீது விமானத்தோடு மோதப் புறப்பட்டுப் போய் இறந்தான். வயது 17.

நான் பல வருடம் பதினொன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பாடம் எடுத்தவன். 17 என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், அந்த வயதில்தான் நீங்கள் என் முன்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்றீர்கள். அந்தப் படத்தை 'நாட்டுக்காக உயிரைக் கொடுத்த சிங்கக்குட்டி' என்று ஒருவர் பகிர்ந்தார். இன்னொருவர் 'மூளைச்சலவை செய்யப்பட்ட வெறியன்' என்றார். இரண்டு பேருமே அவன் பெயரைப் போடவில்லை, வயதைப் போடவில்லை. 'மே 26 எடுத்த படம், மே 27 இறந்தான், வயது 17' என்று போட்டுவிட்டு அடைமொழியை எடுத்துவிடுங்கள். பார்க்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனை அனுப்பியவர்கள் யார் என்ற கேள்வி தானாக வரும். அந்த அதிகாரிகள் படத்தில் நிற்கவில்லை என்பதையும் அது கவனிக்கும்.

நாய்க்குட்டிப் படத்தை அசைய வைத்து, அவன் நாயைத் தடவுவது போல ஒரு காணொளியும் பார்த்தேன். அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

குறிப்பு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய வேடிக்கை ஒன்று. 2025 மார்ச்சில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் இணையப் பக்கங்களிலிருந்து நீக்குவதற்காகக் குறித்து வைத்த 26,000-க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. பன்மைத்துவம், சமவாய்ப்பு என்று பேசும் எதுவும் இருக்கக் கூடாது என்பது உத்தரவு. அந்தப் பட்டியலில் 'எனோலா கே' விமானத்தின் படங்களும் இருந்தன. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானம். பெயரில் 'கே' என்று இருந்ததால்தான் அது சிக்கியிருக்கும் என்று தெரிகிறது. விமானி டிபெட்ஸின் அம்மா பெயர் அது! படத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்தால் அப்படி. சொல்லைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்தால் நம் வாட்ஸ்அப் மாதிரி.

எனோலா கே குழுவினர் விமானத்தின் முன்னால் நிற்கும் படம் புகழ்பெற்றது. நல்ல வெளிச்சம், சுத்தமான விமானம், வேலையைச் செய்து பழகிய முகங்கள். அந்தப் படத்துக்குள் ஹிரோஷிமா கிடையாது. 1945 ஆகஸ்ட் 6 அன்று நகரத்துக்குள் இருந்து படம் எடுத்தவர் யோஷிதோ மட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர். இரண்டு ஃபிலிம் சுருள்கள் கையில் இருந்தன. நாள் முழுவதும் சுற்றியும் ஏழு தடவைதான் அவரால் அழுத்த முடிந்தது. அதில் ஐந்து படங்களே தேறின. எரிந்த மனிதர்களைக் காமிராவின் வழியே பார்க்க அவர் கை ஓடவில்லை. என்னைக் கேட்டால் எனோலா கே படத்தை மாட்டும் எந்தச் சுவரிலும் அந்த ஐந்தில் ஒன்றைப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றால் இரண்டையுமே மாட்ட வேண்டாம். ஒன்றை மட்டும் மாட்டுவது மட்டும் கூடாது.

விமானிகளின் வீரத்தைக் குறைக்கிறீர்களா சார் என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. இரவில், கடும் குளிரில், கீழேயிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது, எட்டு மணி நேரம் போய்த் திரும்பி, இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஏறுவதற்கு வேண்டிய துணிச்சல் எனக்குக் கிடையாது. அதைச் செய்தவர்களுக்குப் பெயர் இருந்தது, வீட்டு விலாசம் இருந்தது. அதைத்தான் வெட்டாதே என்கிறேன்.

தம்பி, உன் கண்காட்சிக்கு என்னிடமிருந்து ஒரு யோசனை. நீ தேர்ந்தெடுத்த இருபதில் இல்லாத படம் ஒன்று இருக்கிறது. 1942-ல் இங்கிலாந்தின் ஸ்காம்ப்டன் தளத்தில் எடுத்தது. ஒரே ஒரு லங்காஸ்டர் விமானம் பறப்பதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று காட்டுவதற்காக அத்தனை பேரையும் அந்த விமானத்தின் முன்னால் வரிசை வரிசையாக நிறுத்தி எடுத்திருக்கிறார்கள். பறக்கும் ஏழு பேர் அந்தக் கூட்டத்தில் ஒரு மூலைதான். என்ஜின் மெக்கானிக்குகள், குண்டு ஏற்றுபவர்கள், வானிலை பார்ப்பவர், பெட்ரோல் லாரிக்காரர்கள், பாரசூட் மடித்துக் கட்டும் பெண். இதுவும் பிரச்சாரத்துக்கு எடுத்த படம்தான், ஆனால் உண்மையைச் சொல்லும் பிரச்சாரம். ஒவ்வொரு வரிசையிலும் யார் என்ன வேலை என்று குறிப்பு இருக்கிறது. பிள்ளைகளைப் படத்தின் முன்னால் நிறுத்தி, "இதில் பாரசூட் மடிப்பவர் யார், கண்டுபிடி" என்று கேட்டுப் பார். கறுப்பு வெள்ளையில்தான் மாட்டு. நிற்கிறார்களா, நகர்கிறார்களா என்று பார்ப்போம். என் பேரனிடம் கைபேசியில் காட்டினேன். விமானச் சண்டை விளையாட்டை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் எண்ணிக்கொண்டிருந்தான்.

வண்ணம் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரே ஒரு படத்துக்குப் பூசு. பக்கத்திலேயே மூலப் படத்தையும் வை. கீழே 'இந்த வண்ணம் 2025-ல் செயலி பூசியது' என்று எழுது. முகத்தைத் தெளிவாக்கியதை மட்டும் எடுத்துவிடு, அதில் பேச்சே வேண்டாம்.

குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருகிறேன், நீ கணினியில் அடித்துக்கொள். டிபயன்ட் படத்துக்குக் கீழே ஹன்டர், கிங் என்று இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். ஸ்குவாட்ரன் பெயரில் 'மெட்ராஸ் பிரசிடென்சி' விட்டுப்போகக் கூடாது. சனிக்கிழமை மாலை வீட்டில்தான் இருப்பேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வா, எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன்.